ஐந்து வன்தட்டுகளும் ஒற்றைக் கேபிளும்: எழுதும் வேகம் எங்கே தொலைகிறது?

திருகோணமலை உப்புவெளியில் ஸ்டூடியோ நடத்தும் தம்பி ஒருவர் கேட்டிருக்கும் கேள்வியைச் சுருக்கமாகத் தருகிறேன். கலியாண வீடு, சாமத்திய வீடு, கோயில் திருவிழா ஆகியவற்றின் வீடியோக்களைச் சேமிப்பதற்காக, நிமிடத்துக்கு 7200 சுற்றுச் சுழலும் 4 டெராபைட் சாட்டா (சாதாரணக் கணினிகளில் தட்டை இணைக்கும் முறை) வன்தட்டுகள் ஐந்தை ஒரு வெளிப்பெட்டியில் போட்டு, அந்தப் பெட்டியை ஒற்றை யூஎஸ்பி 3.0 கேபிளால் லினக்ஸ் கணினியுடன் இணைத்து, மென்பொருள் வழியாக ரெய்ட் 5 (பல தட்டுகளை ஒரே சேமிப்பாக இணைத்து, ஒன்று பழுதானாலும் தரவைக் காக்கும் முறை) அமைத்திருக்கிறார். படிக்கும் வேகத்தில் அவருக்குக் குறையில்லை. எழுதும்போது மட்டும் ஐந்து தட்டுகளும் சேர்ந்து ஒரு தனித்தட்டின் வேகத்தைக்கூட எட்டுவதில்லை. சிறு கோப்புகள் நிறைந்த எடிட்டிங் வேலைகளைப் பதியும்போது எல்லாம் ஊர்ந்துதான் போகிறது. கொழும்பிலுள்ள நண்பர், சேர்வர்களில் பயன்படும் சாஸ் இணைப்பு முறையைச் சுட்டி, "சாட்டாவின் உச்சம் 6 கிகாபிட், சாஸின் உச்சம் 12 கிகாபிட், ஆகவே தட்டுகளை விற்றுவிட்டுச் சாஸ் தட்டு வாங்கு" என்று சொல்லியிருக்கிறார். அப்படிச் செய்யலாமா என்பதே கேள்வி.

தட்டுகளை விற்க வேண்டாம். சாஸ் கார்டு ஒன்று வாங்குவது பயன் தரலாம், ஆனால் நண்பர் சொன்ன காரணத்துக்காக அல்ல. இடைமுகத்தின் பெயரோடு அச்சிடப்படும் உச்ச எண் சுழலும் தட்டுகளின் எழுதும் வேகத்தைத் தீர்மானிப்பது மிக அரிது. எத்தனை தட்டுகள் ஒரே பாதையைப் பகிர்கின்றன, அந்தப் பாதையில் ஒரே நேரத்தில் எத்தனை கட்டளைகள் பயணிக்கலாம், நீங்கள் எழுதும் ஒவ்வொரு பைட்டும் அதன் வழியே எத்தனை தடவை போய்வருகிறது, இணைப்பு முனைகள் நல்ல நிலையில் இருக்கின்றனவா ஆகிய நான்கும்தான் அதைத் தீர்மானிக்கின்றன. இவற்றை அறியாமல் 12 கிகாபிட்டுக்குப் பணம் கொடுத்தால் அந்தப் பணம் வீணாகும்.

முதலில் அந்த உச்ச எண்ணைப் பார்த்துவிடுவோம். சாட்டாவின் 6 கிகாபிட் இணைப்பில் ஒவ்வொரு 8 பிட்டுக்கும் 10 பிட் அனுப்பப்படுவதால், உண்மையில் செக்கனுக்கு 600 மெகாபைட் போகலாம். நடைமுறையில் 550 வரை கிடைக்கும். இப்போதைய 7200 சுற்றுத் தட்டு அதன் வெளிவிளிம்பில் 200 முதல் 260 மெகாபைட் வரையும், உள்விளிம்பில் அதில் ஏறத்தாழப் பாதியும் எழுதும். அதாவது, தட்டுக்கென்று தனிக் கேபிள் இருக்குமானால், பழைய 3 கிகாபிட் சாட்டாவின் 300 மெகாபைட்டே அதற்குப் போதும். அதே காந்தத் தட்டுக்குச் சாஸ் முனை பொருத்தி 1200 மெகாபைட் பாதை கொடுத்தாலும் தட்டு வேகமாகச் சுழலப்போவதில்லை.

பாதை நெருக்கம் தட்டுக்கு வெளியே, பல தட்டுகளின் தரவு ஒன்றுசேரும் இடத்தில்தான் தொடங்குகிறது. பழைய ஐடிஈ கேபிளில் இரண்டு தட்டுகள் ஒரே நாடாவைப் பகிர்ந்தன; பழைய அல்ட்ரா 320 ஸ்கசியில் பதினைந்து சாதனங்கள் வரை செக்கனுக்கு 320 மெகாபைட்டைத் தங்களுக்குள் பங்கிட்டன. 2003ஆம் ஆண்டளவில் சாட்டா வந்தபோது கிடைத்த பெரிய நன்மை, என் பார்வையில், அதன் வேகத்தைவிட ஒவ்வொரு தட்டுக்கும் தனிக் கேபிள் என்ற ஏற்பாடுதான். ஐந்து தட்டுகளை ஒற்றைக் கேபிளில் தொங்கவிடும் வெளிப்பெட்டிகள் அந்த நன்மையைத் திருப்பி எடுத்துவிட்டன. உங்கள் யூஎஸ்பி 3.0 இணைப்பின் 5 கிகாபிட்டில், அதே 10 பிட் குறியீட்டைக் கழித்தால் 500 மெகாபைட்டும், நெறிமுறைச் செலவுகளையும் கழித்தால் ஏறத்தாழ 400 மெகாபைட்டும் மிஞ்சும். ஐந்து தட்டுகளும் சேர்ந்து 1000 மெகாபைட் எழுத வல்லவை. இந்தக் கேபிள் தட்டு ஒன்றுக்குச் சராசரியாக 80 மெகாபைட் மட்டுமே விடுகிறது.

இந்த 400 முழுவதும் உங்கள் தரவுக்குக் கிடைக்காது. மென்பொருள் ரெய்டில் சமநிலைத் தரவை (தட்டு பழுதானால் இழந்ததை மீட்க உதவும் கூடுதல் தரவை) கணிப்பது கணினியின் செயலி. ஆகவே அந்தத் தரவும் கேபிள் வழியாகத்தான் தட்டுக்குப் போக வேண்டும். ஐந்து தட்டு ரெய்ட் 5இல் நான்கு பங்கு தரவுக்கு ஒரு பங்கு சமநிலைத் தரவு சேர்வதால், 400 மெகாபைட் பாதையில் உங்கள் வீடியோவுக்குக் கிடைப்பது 320. இரட்டைச் சமநிலை வைக்கும் ரெய்ட் 6 என்றால் 240. ஒவ்வொரு பைட்டையும் இரண்டு தட்டுகளுக்கு அனுப்பும் ரெய்ட் 10 என்றால் 200 மட்டுமே. "எழுதும் வேகம் வேண்டுமென்றால் ரெய்ட் 10 போடு" என்ற அறிவுரை தட்டுக்குத் தட்டு தனிப்பாதை உள்ள இடத்தில் மிகச் சரியானது. ஆனால் எல்லாத் தட்டுகளும் ஒரே ஒடுங்கிய கேபிளின் பின்னால் இருக்கும்போது, பெரிய கோப்புகளைத் தொடர்ச்சியாக எழுதுவதில் ரெய்ட் 10 ரெய்ட் 5ஐவிடப் பின்தங்கும். ரெய்ட் வேலையைப் பெட்டியே செய்யுமானால் கணக்கு வேறு: சமநிலைத் தரவோ இரண்டாவது பிரதியோ பெட்டிக்குள்ளேயே உருவாவதால் கேபிளில் ஒவ்வொரு பைட்டும் ஒருமுறை மட்டுமே போகும்.

எனினும், 320 கிடைக்க வேண்டிய இடத்தில் ஒரு தனித்தட்டின் வேகம்கூட வரவில்லை என்கிறீர்கள். ஆகவே கேபிளின் அகலத்தைவிடப் பெரிய ஒரு காரணம் இருக்கிறது. என் முதல் சந்தேகம் கட்டளை வரிசையின் மீதுதான்.

யூஎஸ்பி சேமிப்புச் சாதனங்கள் இரண்டு விதமாகப் பேசலாம். பழைய நெறிமுறையில் ஒரு கட்டளை போய், தரவு போய், பதில் திரும்பிய பிறகே அடுத்த கட்டளை புறப்படும். யூஎஸ்பி 3.0உடன் பரவிய யுஏஎஸ் என்ற புதிய நெறிமுறையில் பல கட்டளைகள் ஒரே நேரத்தில் வரிசையில் நிற்கலாம். பெட்டிக்குள், யூஎஸ்பியையும் சாட்டா தட்டுகளையும் இணைக்கும் பாலச் சில்லு ஒன்றே இருந்து, அது பழைய நெறிமுறையில் பேசுமானால், ஐந்து தட்டுகளுக்கும் சேர்த்து ஒரு நேரத்தில் ஒரு கட்டளைதான். கிண்ணியாப் பாலம் 2009இல் திறக்கப்படும் முன்பு, வாகனங்களை ஏற்றும் மிதவைப் பாதை அக்கரைக்குப் போய்த் திரும்பும்வரை இக்கரையில் எத்தனை வாகனம் நின்றாலும் காத்திருக்க வேண்டியிருந்ததுபோல, மற்ற நான்கு தட்டுகளும் வேலைக்குத் தயாராக இருந்தும் சும்மா சுழன்றுகொண்டிருக்கும். பல தட்டுகளை ஒருங்கே இயக்கி வேகம் பெறுவது என்பதுதான் 1988இல் பற்றர்சன், கிப்சன், காட்ஸ் ஆகிய மூவரும் பேர்க்லியில் ரெய்டை முன்வைத்தபோது சொன்ன மூலக் கருத்துகளுள் ஒன்று. ஒருநேரத்தில் ஒரே கட்டளை போகும் இடைமுகம் அந்தக் கருத்தின் அடித்தளத்தையே எடுத்துவிடுகிறது.

படிக்கும்போது இது ஏன் பெரிதாகத் தெரிவதில்லை என்ற ஐயம் எழலாம். தொடர்ச்சியாகப் படிக்கையில் ஒவ்வொரு தட்டும் அடுத்து வரப்போகும் பகுதிகளை முன்கூட்டியே தன் பதுக்கு நினைவகத்துக்குள் (தரவைத் தற்காலிகமாக வைக்கும் இடத்துக்குள்) வாசித்து வைத்துக்கொள்கிறது. கட்டளை வரும்போது தரவு தயாராக இருப்பதால், வரிசை இல்லாத குறை மறைந்துவிடுகிறது. எழுதும்போது அந்த உதவி பாதியிலேயே நின்றுவிடும். தட்டின் பதுக்கு நினைவகம் எழுத வரும் தரவை உடனே வாங்கிக்கொள்ளும் என்பது உண்மைதான். ஆனால் "இதுவரை வந்ததைக் காந்தப் பரப்பில் உறுதியாகப் பதி" என்ற கட்டளை வந்தவுடன் தட்டு உண்மையான இயக்க வேகத்துக்கு இறங்கியாக வேண்டும். கோப்பு முறைமையின் பதிவேடு, எங்கே எழுதப்படுகிறது என்று ரெய்ட் குறித்துவைக்கும் படம், தரவுத்தளம் என்று பலவும் இந்தக் கட்டளையை அடிக்கடி அனுப்புகின்றன.

அந்த இயக்க வேகத்தை ஒருமுறை கணக்கிட்டுப் பார்த்தால் எழுதுவதிலுள்ள சிக்கல் முழுவதும் விளங்கும். நிமிடத்துக்கு 7200 சுற்று என்றால் செக்கனுக்கு 120 சுற்று. ஒரு சுற்றுக்கு 8.33 மில்லிசெக்கன். பதுக்கு நினைவகம் அணைக்கப்பட்ட தட்டுக்கு, 64 கிலோபைட் துண்டுகளாக, ஒன்றன் பதில் வந்தபின் அடுத்ததை அனுப்பும் முறையில் தொடர்ச்சியாக எழுதுகிறோம் என்று வைத்துக்கொள்வோம். முதல் துண்டு பதிந்து, பதில் கணினிக்குப் போய், அடுத்த கட்டளை வந்து சேர்வதற்குள், அடுத்த துண்டு விழ வேண்டிய இடம் எழுதும் தலைக்குக் கீழே கடந்து போய்விட்டிருக்கும். அது திரும்பி வர ஒரு முழுச் சுற்றுக் காத்திருக்க வேண்டும். ஆகவே செக்கனுக்கு 120 துண்டுகள், அதாவது 7.5 மெகாபைட். 200 மெகாபைட் எழுத வல்ல தட்டு, இடைமுகம் அடுத்த கட்டளையைக் கையில் கொடுத்து வைக்காத ஒரே காரணத்தால், 7.5 மெகாபைட்டில் நிற்கிறது. கட்டளை வரிசை இருந்தால் அடுத்த துண்டு ஏற்கெனவே தட்டிடம் இருக்கும். தலை நகராமலே எழுதிக்கொண்டு போகும். சாட்டாவின் வரிசையில் 32 கட்டளைகள் நிற்கலாம். சாஸ் தட்டுகள் அதைவிடப் பலமடங்கு நீளமான வரிசையை ஏற்கும். சுழலும் தட்டுக்கு 32 தாராளமாகப் போதும் என்பது என் அனுபவம். வரிசையே இல்லாமல் இருப்பதற்கும் 32 இருப்பதற்கும் இடையில் உள்ள வித்தியாசம்தான் பெரிது. 32க்கும் சாஸின் நீளமான வரிசைக்கும் இடையில் உள்ளது அவ்வளவு பெரிதல்ல.

இதை ரெய்ட் 5இன் சிறு எழுத்துகளோடு, அதாவது சிறு அளவில் தரவு எழுதும் செயல்களோடு, சேர்த்துப் பாருங்கள். ஐந்து தட்டுகளிலும் முழு வரிப்பட்டை (தட்டுக்கு ஒரு துண்டாக ஐந்திலும் சேர்ந்து விழும் தொகுதி) நிறையுமளவுக்குத் தரவு ஒருங்கே வந்தால் சமநிலையை அப்படியே கணித்து எழுதிவிடலாம். லினக்ஸ் ரெய்டின் வழக்கமான துண்டு அளவு 512 கிலோபைட் என்பதால், ஐந்து தட்டுகளில் ஒரு முழு வரிப்பட்டை 2 மெகாபைட். உங்கள் வீடியோக்கள் இதை எளிதில் நிரப்பும். எடிட்டிங் மென்பொருளின் சிறு கோப்புகளும் முன்னோட்டப் படங்களும் நிரப்பா. அப்போது பழைய தரவைப் படி, பழைய சமநிலையைப் படி, புதிய தரவை எழுது, புதிய சமநிலையை எழுது என்று ஒரு எழுத்துக்கு நான்கு செயல்கள் தேவைப்படுகின்றன. தட்டுக்குத் தனிப்பாதை இருந்தால் முதல் இரண்டு படிப்புகளும் இரண்டு வெவ்வேறு தட்டுகளில் ஒரே நேரத்தில் நடக்கும். அவ்வாறே இரண்டு எழுத்துகளும். ஒருநேரத்தில் ஒரு கட்டளை போகும் பெட்டியில் நான்கும் ஒன்றன்பின் ஒன்றாக நிற்கின்றன. ஒவ்வொன்றுக்கும் உரிய தேடல் நேரமும் சுழற்சிக் காத்திருப்பும் ஒன்றின்மேல் ஒன்றாகக் கூடிக்கொண்டே போகின்றன. நீங்கள் "ஊர்கிறது" என்று சொன்னது இதுவாகத்தான் இருக்க வேண்டும்.

ஆனால் நல்ல இடைமுகம் வந்தாலும் இந்த நான்கு மடங்குச் செலவு இல்லாமல் போகாது என்பதைச் சொல்லியாக வேண்டும். 7200 சுற்றுத் தட்டு ஒன்று சிதறிய இடங்களில் செக்கனுக்கு 80 செயல்கள் அளவில் செய்யும் என்று கொள்ளலாம். ஐந்துக்கும் 400, நான்கால் வகுத்தால் 100 சிறு எழுத்துகள். 4 கிலோபைட் அளவில் அது அரை மெகாபைட்டுக்கும் குறைவு. 12 கிகாபிட் சாஸ் போட்டாலும் இந்தக் கணக்கு மாறாது. இதற்கு மருந்து வேறு இடத்தில் இருக்கிறது: எடிட்டிங் வேலைக் கோப்புகளை ஒரு சிறிய எஸ்எஸ்டியில் வைத்துக்கொண்டு, முடிந்த வேலைகளை மட்டும் ரெய்டுக்கு மாற்றுவதே உங்கள் ஸ்டூடியோவுக்கு நான் பரிந்துரைப்பது. லினக்ஸ் ரெய்ட் 5இன் வரிப்பட்டைப் பதுக்கு எண்ணிக்கை (stripe_cache_size) இயல்பாக 256ஆக இருக்கும். அதை 4096ஆக உயர்த்தினால் ஐந்து தட்டுகளுக்கு 80 மெகாபைட் நினைவகமே செலவாகும், சிறு எழுத்துகள் சேர்ந்து முழு வரிப்பட்டையாக மாற வாய்ப்புக் கூடும். செலவில்லாத மாற்றம் இது.

உறுதிப்பதிவுக் கட்டளையைப் பற்றி இன்னும் ஒரு செய்தி உண்டு. சாஸுக்கும் சாட்டாவுக்கும் எழுத்தில் உள்ள உண்மையான வித்தியாசம் இங்கேதான் தென்படுகிறது. சாட்டாவில் பதுக்கு நினைவகத்தைக் காலியாக்கும் கட்டளை வரிசைக்குள் நிற்க முடியாத கட்டளை. அது வரும்போது வரிசையிலுள்ள எல்லாம் முடியும்வரை காத்திருந்து, அது தனியே ஓடி, பிறகுதான் வரிசை மறுபடி நிரம்பும். சாஸில் அது மற்றக் கட்டளைகளோடு வரிசையிலேயே நிற்கலாம். ரெய்டில் இந்தக் காத்திருப்பு மேலும் நீள்கிறது, ஏனெனில் உறுதிப்பதிவு எல்லாத் தட்டுகளுக்கும் போகிறது, எல்லாவற்றிலும் மிகத் தாமதமான தட்டு பதில் சொன்ன பிறகே முடிகிறது. ஒரு தட்டின் சராசரிச் சுழற்சிக் காத்திருப்பு அரைச் சுற்று, அதாவது 4.17 மில்லிசெக்கன். ஒன்றோடொன்று ஒத்திசையாமல் சுழலும் ஐந்து தட்டுகளில் கடைசியாக முடிப்பதன் சராசரி ஆறில் ஐந்து சுற்று, அதாவது ஏறத்தாழ 7 மில்லிசெக்கன். தட்டுகள் கூடக் கூட இது ஒரு முழுச் சுற்றை நெருங்கும். தரவுத்தளம் ஓடும் சேர்வருக்கு இந்த வித்தியாசம் முக்கியமானது; வீடியோ சேமிக்கும் உங்களுக்கு, சாஸ் தட்டின் விலையை நியாயப்படுத்தும் அளவுக்கு அல்ல.

இனி, திருகோணமலையில் இருப்பவர்கள் கட்டாயம் பார்க்க வேண்டிய ஒன்றுக்கு வருகிறேன். கடற்கரையோரக் கட்டடங்களில் திறந்த ஜன்னலோரம் வைக்கப்படும் கணினிகளில் உப்புக்காற்று முனைகளை மெல்ல மெல்ல அரிக்கிறது. சாட்டா முனையின் தொடுபரப்பு மிகச் சிறியது. தொடர்பு முழுதாக அறுந்தால் தட்டு காணாமற்போய் உடனே தெரிந்துவிடும். அரைகுறையாகக் கெட்டால்தான் ஆபத்து: தரவுச் சட்டங்கள் பிழையோடு வந்து சேர்கின்றன, பிழைகாண் குறியீடு அதைக் கண்டுபிடிக்கிறது, கட்டளை மறுபடி அனுப்பப்படுகிறது, தரவு கெடுவதில்லை, வேகம் மட்டும் குறைகிறது. பிழைகள் தொடர்ந்தால் லினக்ஸ் அந்த இணைப்பின் வேகத்தை 6 கிகாபிட்டிலிருந்து 3க்கும், பிறகு 1.5க்கும் இறக்கிவிடும். 1.5 கிகாபிட் என்றால் அந்தத் தட்டுக்கு அதிகபட்சம் 150 மெகாபைட். ரெய்ட் 5இல் ஒவ்வொரு வரிப்பட்டையும் எல்லாத் தட்டுகளிலும் விழுவதால், அந்த ஒன்று இழுக்கும் வேகத்துக்கு மற்ற நான்கும் இறங்கிவர வேண்டும். தட்டு தன் நலத்தைத் தானே குறித்துவைக்கும் ஸ்மார்ட் பதிவில் 199ஆம் இலக்கத்தைப் பாருங்கள். இடைமுகப் பிழைகளின் எண்ணிக்கை அங்கே இருக்கும். அது காந்தப் பரப்பைப் பற்றிய எண் அல்ல, கேபிளையும் முனையையும் பற்றியது; அந்த எண் பெரும்பாலும் திரும்பக் குறையாது என்பதால், கேபிளை மாற்றிய பின் அது மேலும் ஏறுகிறதா என்பதையே கவனிக்க வேண்டும். இந்த எண் ஏறியிருப்பதைக் கண்டு நல்ல தட்டைக் கழற்றி எறிந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். மனம் வருந்தும் காட்சி அது. உங்கள் பெட்டியில் கேபிளுக்குப் பதிலாகத் தட்டைச் சொருகும் பின்பலகை இருக்கும். மின்னிணைப்பைத் துண்டித்துவிட்டு, தட்டுகளில் இலக்கம் எழுதி, கழற்றித் தொடுபரப்பைத் துப்புரவாக்கித் திரும்பச் சொருகிப் பாருங்கள்.

காற்றைப் போலவே மின்சாரமும் இங்கே எழுத்து வேகத்துடன் தொடர்புடையது. 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு நடந்த நாட்களை யாரும் மறக்கவில்லை. இன்றும் மின்னல் மழைக் காலங்களில் கரண்ட் சொல்லிக்கொண்டு போவதில்லை. தட்டின் பதுக்கு நினைவகத்தை இயக்கத்தில் வைத்தால் எழுத்து வேகமாகும், மின்சாரம் போனால் அதிலிருந்தது போகும். அதனால்தான் சேர்வருக்கென்று வரும் சாஸ் தட்டுகளில் பெரும்பாலும் அது அணைக்கப்பட்ட நிலையிலும், கடைகளில் கிடைக்கும் சாட்டா தட்டுகளில் இயக்கத்திலும் இருக்கும். இதை அறியாமல் சாஸ் தட்டு வாங்கி நேரடியாக மென்பொருள் ரெய்டில் போட்டவர், பழைய சாட்டாவைவிட மெதுவாக எழுதுகிறதே என்று திகைப்பதுண்டு. சேர்வர்களில் அந்த வேலையைப் பற்றரி காக்கும் ரெய்ட் கார்டின் நினைவகம் செய்கிறது. அந்தப் பற்றரி கெட்டால் கார்டு தானாகவே பாதுகாப்பான, மெதுவான முறைக்கு இறங்கிவிடும். கச்சான் காற்று வீசும் மாதங்களில் குளிரூட்டி இல்லாத அறையில் பற்றரி விரைவில் முதுமையடையும். ஒருநாள் காலையில் எழுத்து வேகம் காரணமில்லாமல் விழுந்தால் அங்கே முதலில் பாருங்கள். உங்களுக்கு நான் சொல்வது, பதுக்கு நினைவகத்தை இயக்கத்திலேயே விட்டு, கணினியையும் பெட்டியையும் ஒரே யூபிஎஸ்ஸில் போட்டு, பற்றரி குறையும்போது கணினி தானே அணையும்படி அமைத்துக்கொள்ள வேண்டும் என்பதே. பெட்டியின் மின்வழங்கி மட்டும் யூபிஎஸ்ஸுக்கு வெளியே நிற்பதைப் பல இடங்களில் கண்டிருக்கிறேன். அப்படி ஒரு கணம் மின் தடைப்பட்டால், ரெய்ட் 5இல் தரவு எழுதப்பட்டும் சமநிலை எழுதப்படாமலும் போய், பின்னொரு நாள் தட்டு ஒன்று பழுதாகி மீளக் கட்டும்போது பிழையான தரவு வெளிவரலாம்.

சோதிக்கும் முறையைச் சொல்கிறேன், காசு செலவில்லை. முதலில் "எல்எஸ்யூஎஸ்பி" (lsusb -t) கட்டளையின் மரவடிவ வெளியீட்டில் பெட்டிக்கு நேரே உள்ள இயக்கியின் பெயரைப் பாருங்கள். "யுஏஎஸ்" (uas) என்றிருந்தால் வரிசை உண்டு. "யூஎஸ்பி ஸ்டோரேஜ்" (usb-storage) என்றிருந்தால் ஒருநேரத்தில் ஒரு கட்டளைதான். சில பாலச் சில்லுகள் புதிய நெறிமுறையில் பிழை செய்வதால் லினக்ஸே அவற்றைப் பழையதற்குத் தள்ளிவிடும். ஆகவே பெட்டியின் அட்டையில் என்ன அச்சிட்டிருக்கிறது என்பதை நம்ப வேண்டாம். அடுத்து, ஒரு தட்டை மட்டும் நேரடியாகத் தொடர்ச்சியாகப் படித்து வேகத்தைக் குறித்துக்கொண்டு, பிறகு ஐந்தையும் ஒரே நேரத்தில் படித்துக் கூட்டுத்தொகையைப் பாருங்கள். படிப்பது தரவுக்குத் தீங்கு செய்யாது. கூட்டுத்தொகை 400 அளவில் நின்றால் கேபிள்தான் எல்லை. ஒரு தட்டின் வேகத்தைவிடச் சற்றே கூடுதலாக நின்றால் பாலச் சில்லு. மூன்றாவதாக, பெரிய கோப்பு ஒன்றை எழுதும்போது "ஐஓஸ்டாட்" (iostat) கருவியைத் திறந்து வையுங்கள். எழுத மட்டுமே செய்யும் நேரத்தில் தட்டுகளில் படிப்பும் பெருமளவில் நடந்தால், முழு வரிப்பட்டை நிரம்பாமல் பழையதைப் படித்து மாற்றும் வேலை ஓடுகிறது என்று பொருள். ஒரு தட்டின் காத்திருப்பு நேரம் மட்டும் மற்ற நான்கையும்விடப் பலமடங்கு இருந்தால், அந்தத் தட்டையும் அதன் முனையையும் சந்தேகியுங்கள். அத்தட்டு, பரப்பிலுள்ள பதிவுத் தடங்களை ஓரளவு ஒன்றன்மேலொன்று ஏறும்படி எழுதும் எஸ்எம்ஆர் வகையா என்பதையும் அதன் மாதிரி இலக்கத்தைக் கொண்டு உறுதிசெய்யுங்கள். அந்த வகைத் தட்டு நீண்ட எழுத்தில் தானாகவே தளர்ந்துபோகும், எந்த இடைமுகமும் அதைக் காப்பாற்றாது.

மாற்று வழிகளில் ஒன்றை முன்கூட்டியே விலக்கிவிடுகிறேன். ஈசாட்டா (வெளிப்புறச் சாட்டா) கேபிளும், ஒரு போர்ட்டைப் பல தட்டுகளுக்குப் பகிரும் போர்ட் பெருக்கியும் கொண்ட பெட்டிகள் மலிவாகக் கிடைக்கின்றன. பெருக்கியின் எளிய வகை, ஒரு தட்டின் கட்டளைகள் முடிந்த பிறகே மற்றத் தட்டுக்குத் திரும்பும். அது உங்கள் இப்போதைய நோயையே வேறு கேபிளில் கொண்டுவரும். கட்டளைகளைக் கலந்து அனுப்பும் நல்ல வகை இருந்தாலும், உங்கள் தாய்ப்பலகை அதை ஆதரிக்க வேண்டும். பல தாய்ப்பலகைகள் பெருக்கியையே ஏற்பதில்லை. ஒரு தட்டு பதில் சொல்லாமல் போய் இணைப்பை மீளத் தொடங்க நேர்ந்தால், அதே கேபிளிலுள்ள மற்ற நான்கும் சேர்ந்து நிற்கும் அபாயமும் உண்டு.

தாய்ப்பலகையில் ஆறு சாட்டா போர்ட்டுகள் இருந்து, கணினிப் பெட்டியில் ஐந்து தட்டுகளுக்கு இடமும் காற்றோட்டமும் இருந்தால், அதுவே மிகச் சிறந்த, மிக மலிவான தீர்வு. போர்ட்டுகள் போதாவிட்டால், பழைய சேர்வர்களிலிருந்து வரும் எட்டுப் போர்ட் சாஸ் கார்டு ஒன்றை, ரெய்ட் செய்யாமல் தட்டுகளை நேரே காட்டும் முறையில் வாங்குங்கள். சாட்டா தட்டுகள் சாஸ் கார்டில் வேலை செய்யும்; சாஸ் தட்டு சாட்டா போர்ட்டில் சொருகவே முடியாது. கார்டின் ஒரு முனையிலிருந்து நான்காகப் பிரியும் கேபிள்கள் இரண்டு தேவைப்படும். எந்தத் துளையில் கார்டைச் சொருகுகிறீர்கள் என்பதும் இடைமுகத்தின் ஒரு பகுதிதான். தாய்ப்பலகையில் கார்டு சொருகும் துளையின் இடைமுகம் பிசிஐ எக்ஸ்பிரஸ்; அதன் 2.0 கார்டுக்கு ஒரு தடத்தில் 500 மெகாபைட் போகும். எட்டுத் தடத்தில் 4000. நீளமான துளையாக இருந்தும் உள்ளே நான்கு தடமோ ஒரு தடமோ மட்டும் இணைக்கப்பட்ட தாய்ப்பலகைகள் உண்டு. ஒற்றைத் தடக் கார்டில் நான்கைந்து சாட்டா போர்ட் வைத்து விற்பவற்றை வாங்கினால், யூஎஸ்பி கேபிளின் நெருக்கத்திலிருந்து அதே அளவு நெருக்கத்துக்குத்தான் குடிபெயர்வீர்கள்.

எஸ்எஸ்டிகளால் ஆன தொகுதி என்றால் இந்தப் பதில் வேறாக இருந்திருக்கும். ஒரு சாட்டா எஸ்எஸ்டியே 550 மெகாபைட் எல்லையைத் தொட்டுவிடுவதால் அங்கே இடைமுகம்தான் உண்மையான தடை. பிசிஐ எக்ஸ்பிரஸ் 3.0இன் நான்கு தடங்களில் ஓடும் என்விஎம்ஈ வகை எஸ்எஸ்டிக்கு ஏறத்தாழ 3900 மெகாபைட் பாதையும், ஆயிரக்கணக்கில் தனித்தனி வரிசைகளும் உண்டு. உங்கள் தேவை அதுவல்ல.

இன்னொன்று: எடிட்டிங் கணினிகள் இந்தச் சேமிப்பை கிகாபிட் வலையமைப்பு வழியாகப் பயன்படுத்துகின்றனவா? அந்தக் கேபிளில் செக்கனுக்கு 115 மெகாபைட்டுக்கு மேல் நடைமுறையில் வராது. ஐந்து தட்டுகளையும் தனித்தனிப் பாதையில் இணைத்து 700 மெகாபைட் எழுதினாலும், மேசையிலிருந்து பார்ப்பவருக்கு 115தான் தெரியும். வலையமைப்பையும் 2.5 கிகாபிட்டுக்கு உயர்த்தும் எண்ணம் இருந்தால் இரண்டையும் சேர்த்துத் திட்டமிடுங்கள்.

தட்டுகளைப் பெட்டியிலிருந்து கழற்றி நேரடிப் போர்ட்டுகளுக்கு மாற்றுவதற்கு முன், வாடிக்கையாளர்களின் வீடியோக்களைக் கட்டாயம் வேறு தட்டில் பிரதி எடுங்கள். லினக்ஸ் மென்பொருள் ரெய்ட் தன் அடையாளத்தை ஒவ்வொரு தட்டிலும் எழுதி வைத்திருப்பதால், எந்தத் தட்டு எந்தப் போர்ட்டில் விழுந்தாலும் தொகுதியைத் தானே கண்டுகொள்ளும். ஆனால் சில யூஎஸ்பி பாலச் சில்லுகள் 2 டெராபைட்டுக்கு மேற்பட்ட தட்டுகளின் 512 பைட் பிரிவுகளை 4096 பைட் பிரிவுகளாக மாற்றிக் காட்டும். அப்படிப்பட்ட பெட்டியில் பிரிப்பு அட்டவணை (தட்டு எந்தெந்தப் பகுதிகளாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது என்ற குறிப்பு) எழுதப்பட்டிருந்தால், தட்டை நேரடியாக இணைக்கும்போது அட்டவணை தவறான இடத்தில் தேடப்பட்டு, தட்டு வெறுமையானதுபோலத் தோன்றும். தரவு அழியவில்லை. அந்த நேரத்தில் கணினி புதிதாக வடிவமைக்கக் கேட்டால் சம்மதிக்காமல், தட்டுகளைப் பெட்டிக்கே திருப்பிச் சொருகி, பெட்டி காட்டும் பிரிவு அளவைக் குறித்து அனுப்புங்கள். பிரதியிலிருந்து புதிதாகக் கட்டுவதா, அட்டவணையை மட்டும் மாற்றி எழுதுவதா என்பதை அதைப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.